இரண்டு நாள் கொடைக்கானல்: திரும்பி வருவதில் செய்யும் தவறுகள்

வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் ரயில் ஏறினால் சனிக்கிழமை விடியுமுன் கொடைக்கானல் ரோடு. அங்கே வண்டி பிடித்தால் காலை டிபனுக்கு மலைமேல் இருக்கலாம். ஞாயிறு மாலை கீழே இறங்கி, இரவு ரயிலைப் பிடித்து, திங்கள் காலை சென்னை. குளித்துவிட்டு நேராக ஆபீஸ். சென்னையில் பல குடும்பங்கள் போடும் திட்டம் இது. நாங்களும் மூன்று முறை இப்படித்தான் போனோம். மூன்று முறையும் மலையில் கிடைத்த சந்தோஷம் திங்கள் மதியத்துக்குள் கரைந்துபோனது. கொடைக்கானல்மேல் ஒரு குறையும் இல்லை. திரும்பி வரும் நாளை நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ஸ்டேஷன் பெயரில் கொடைக்கானல் இருந்தாலும் ஊர் அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். வத்தலக்குண்டு தாண்டிய பிறகு வளைந்து வளைந்து ஏறி, 2,100 மீட்டர் உயரத்துக்குப் போக வேண்டும். நெரிசல் இல்லாத நாளிலேயே மூன்று மணி நேரம் ஆகிவிடும். சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்து ஞாயிறு மூன்று மணிக்கு இறங்குகிறோம் என்றால் மலையில் இருப்பது முப்பது மணி நேரம். தூக்கம், சாப்பாடு, குளியல் போக, கையில் மிஞ்சுவது பதினைந்து, பதினாறு. அதற்குள் ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, குணா குகை, பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் பார்த்தாக வேண்டும் என்று ஓடுவதுதான் முதல் தவறு. ஊருக்குள் இருக்கும் இடங்களுக்கு ஒரு நாள், பூம்பாறைப் பக்கம் போனால் இன்னொரு நாள். அதற்குமேல் திணித்தால் எந்த இடமும் மனதில் தங்காது.

மூன்றாவது முறை ஞாயிறு மத்தியானம் பூம்பாறையிலிருந்து கிளம்பினோம். வெள்ளி அருவிக்கு முன்பே வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. பின்சீட்டில் சின்னவள் வாந்தி எடுத்தாள். ரயிலுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று நானும் கணவரும் மாற்றி மாற்றி மணி பார்த்தோம், பிறகு பேச்சையே நிறுத்திவிட்டோம். ரயில் வர பத்து நிமிஷம் இருக்கும்போது பிளாட்பாரத்துக்கு ஓடினோம். மறுநாள் கதவைத் திறந்தால் சமையலறையில் அழுகிய நாற்றம். வெள்ளிக்கிழமை நறுக்கிய காய்த்தோல் அப்படியே கிடந்தது. சின்னவளுக்கு உடம்பு சுட்டது. யார் லீவு போடுவது என்று வாசலிலேயே சண்டை. இன்றைக்கும் அந்தப் பயணம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பூம்பாறையின் அடுக்கு வயல் இல்லை, அந்த வாசல்தான்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்தோம். லீவை முன்னால் போட்டோம். வியாழன் இரவு ரயில், வெள்ளியும் சனியும் மலை, சனி இரவு ரயில், ஞாயிறு காலை வீடு. போடும் லீவு ஒரு நாள்தான், மலையில் இருக்கும் நேரமும் அதேதான். ஆனால் ஞாயிறு முழுவதும் நம் கையில். துணி துவைக்கலாம், அரிசி ஊற வைக்கலாம், பிள்ளைகள் மதியம் நன்றாகத் தூங்கி எழலாம். வெள்ளிக்கிழமை லீவு கிடைக்காது என்றால் கொடைக்கானலை இன்னொரு சமயத்துக்கு வைத்துக்கொண்டு, ஜோலார்பேட்டையில் இறங்கி ஏலகிரி போங்கள். பதினான்கே கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயரைத் தாங்கி நிற்கும் அந்த வளைவுகளைப் பிள்ளைகள் வாய்விட்டுப் படித்துக்கொண்டே ஏறுவார்கள். ஞாயிறு இருட்டுவதற்குள் வீடு வந்துவிடலாம்.

2010இல் நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று வெளியானது. சுற்றுலா போகிறவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது கிளம்புவதற்கு முன்னால்தான். திரும்பிய பிறகு வித்தியாசம் பெரும்பாலும் இல்லை. மிகவும் ஓய்வாகக் கழித்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு இரண்டு விஷயம் புரிந்தது. கடைசி நேரத்தில் தட்கல் போட்டு ஓடினால் அந்த முன்கூட்டிய மகிழ்ச்சியையே இழக்கிறோம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. அன்றே போகும் டிக்கெட்டை எடுத்துவிடுங்கள்; வரும் ரயிலுக்கு இரண்டு நாள் கழித்துத் திறக்கும், திறந்ததும் அதையும் எடுத்துவிடுங்கள். போவதற்கு மட்டும் எடுத்துவிட்டு, வருவதற்கு வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால் மலையில் ஒரு மணி நேரம்கூட நிம்மதி இருக்காது. இரண்டாவது, ஓய்வு. காலையில் ஏரிக்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பதை நேர விரயம் என்று நினைக்காதீர்கள்.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு போனில் விண்ணப்பிப்பதைவிட வீட்டிலேயே எடுத்துவிடுவது நல்லது.

மலையிறங்கும்போது, அந்தச் சரிவை எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். நியூட்ரலில் விடவே கூடாது. ராத்திரி முழுவதும் ஓட்டி, விடியற்காலையில் சென்னை வந்துவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் கண் தானாகச் சொக்கும். அந்த நேரத்தில் காபி குடித்துச் சமாளிக்க முடியாது.

வாந்தி விஷயத்திலும் தவறு செய்கிறோம். தலைசுற்ற ஆரம்பித்த பிறகு மாத்திரை போட்டுப் பெரிய பயனில்லை. ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி முன்பே போட வேண்டும். பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்டே கொடுங்கள். உள்காது உடல் ஆடுகிறது என்கிறது, போனைப் பார்க்கும் கண் அசையவில்லை என்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் குமட்டுகிறது. அதனால் வளைவுகளில் போனை வாங்கி வைத்துவிட்டுத் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வயிறு முட்டச் சாப்பிட வைக்காதீர்கள்.

கிளம்பும் நாளில் வீட்டுக்காக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். குப்பையைக் கொட்டி, பால் பாக்கெட்டை நிறுத்தச் சொல்லி, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டும். ஊருக்குப் போயிருப்பதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் உடனே போடாதீர்கள். வீடு பூட்டியிருக்கிறது என்று ஊருக்கே சொன்னது போலாகும். படங்களைத் திரும்பி வந்து போட்டால் போதும். ஈரத்துணியைத் தனிப் பையில் போடவில்லையென்றால் எல்லாத் துணியும் பூஞ்சை வாசம் அடிக்கும்.

போன மாசி மாதம் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். முழங்கால் வலி, அவரால் மலையேற முடியாது. முன்பெல்லாம் திங்கள் காலை செருப்பைக் கழற்றிய வேகத்தில், அம்மா போனில் கேட்பதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு ஓடுவேன். இந்த முறை ஞாயிறு காலை. பூம்பாறையில் வாங்கிய மலைப்பூண்டை அவர் மடியில் வைத்தேன். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது, ஒரு பல் நசுக்கினாலே கூடம் முழுக்க மணக்கும். கொத்தை முகர்ந்து பார்த்தவர், "இதைப் போட்டே ரசம் வைக்கிறேன், நீ உட்காரு" என்றார். சின்னவள் பாட்டியின் பக்கத்தில் சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்து, குழந்தை வேலப்பர் கோயிலில் பார்த்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அம்மா பூண்டை உரித்துக்கொண்டே, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.