வேலூரில் மனம் ஒட்டாதவர்களுக்கு ஒரு வழி

வேலூரில் சில காலம் வாழ்ந்த எவரும் அந்தப் பழைய கேலியைக் கேட்டிருப்பார்: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. சொல்பவரின் வாய்த்துடுக்குக்கு ஏற்ப இந்தப் பட்டியல் நீளும். வெளியூர்க்காரர் சொன்னால் சுருக்கென்று கோபம் வருகிறது. ஆயினும் அதை அதிகம் சொல்பவர்கள் நாமேதான். வேலை மாற்றத்தாலோ திருமணத்தாலோ இங்கு வந்து சேர்ந்து, ஊர் இன்னும் பிடிபடாமல் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: சுற்றுலாக் கையேட்டை ஒதுக்கி வைத்துவிட்டு இந்தக் கேலிப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு குறையையும் அது எந்த இடத்தைப் பற்றிச் சொல்லப்படுகிறதோ அங்கேயே போய்ச் சரிபாருங்கள்.

கோயிலிலிருந்து தொடங்கலாம். விஜயநகர ஆட்சியின்கீழ் இருந்த நாயக்கர்கள் 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் இருக்கிறது. போர்களின்போது படைகள் உள்ளே தங்கி, கோயிலையே ஆயுதக் கிடங்காக்கியதால் வழிபாடு நின்றுபோய், சில நூற்றாண்டுகள் கருவறை வெறுமையாகவே கிடந்தது. சத்துவாச்சாரியில் வைத்துப் பூசிக்கப்பட்ட லிங்கம் 1981 மார்ச் 16 அன்று இங்கே கொண்டுவரப்பட்டு நிறுவப்பட்டது. ஆகவே கேலியின் முதல் வரி காலாவதியாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பிரதோஷ நாளில் போனால் கூட்டமே அதற்குச் சாட்சி. ஆனால் சிற்பம் பார்க்க வேண்டுமென்றால் அன்று போகாதீர்கள்; வார நாளின் காலையில் போங்கள். கல்யாண மண்டபத்தின் முன்வரிசைத் தூண்களில் பாயும் யாளிகளையும் குதிரைகளையும் எல்லோரும் பார்ப்பார்கள், படமும் எடுப்பார்கள். நீங்கள் உள்ளே சென்று கழுத்தை நன்றாகப் பின்னுக்குச் சாய்த்து விதானத்தைப் பாருங்கள். விரிந்த மலரைச் சுற்றிக் கிளிகள் வட்டமாகத் தலைகீழாகத் தொங்குகின்றன. அவ்வளவும் கருங்கல். சில நிமிடங்களாவது அங்கேயே நின்று பார்த்தால்தான் உளியின் நுணுக்கம் பிடிபடும்.

அடுத்தது ராஜா. இந்தக் கோட்டையில் ராஜாக்கள் இருந்தார்கள்; பின்னாளில் வந்தவர்கள் ஆளவில்லை, அடைபட்டிருந்தார்கள். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவருடைய குடும்பத்தார் இங்குள்ள மகால்களில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10 அதிகாலையில், சமயக் குறிகளையும் தாடியையும் தடுத்த விதிகளாலும் புதிய தலைப்பாகையாலும் கொதித்துப்போன சிப்பாய்கள் கோட்டையைக் கைப்பற்றித் திப்புவின் கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து சேர்ந்ததும் அன்றைக்கே அந்த எழுச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. 1857-ஐப் பாடமாகப் படித்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மக்கான் அருகிலுள்ள நினைவுத்தூண் எதற்காக நிற்கிறது என்று தெரியும் என்பது எனக்குச் சந்தேகமே. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரும் இங்கேயே சிறை வைக்கப்பட்டு 1832-இல் இறந்தார். பாலாற்றங்கரையிலுள்ள முத்து மண்டபம் அவருடைய நினைவிடம். கோட்டையைப் பார்த்த அதே வாரத்தில் அங்கும் போய்வாருங்கள். இரண்டுக்கும் இடையே மாதங்கள் விட்டால் கதை தொடர்பற்றுப் போகும். மற்றபடி கோட்டைக்கு நண்பகலில் போக வேண்டாம். விடிந்ததும் அகழியோரம் நடப்பவர்களுடன் சேர்ந்து ஒரு பாதியாவது சுற்றிவந்தால், கல்லோடு கல் பொருத்தி எழுப்பிய அந்த மதில் எவ்வளவு பெரிது என்பது காலுக்குத் தெரியும்.

ஆற்றைப் பொறுத்தவரை கேலியில் உண்மை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது; அந்த மணலும் அள்ளப்பட்டு, தோல் தொழிற்சாலைக் கழிவும் கலந்து, பார்க்கப் பார்க்க வயிறு எரியும் இடங்கள் உண்டு. ஆனால் இது மேலே ஓடாமல் அடியில் ஓடிய ஆறு. மணலில் ஊற்றுக்கால் வெட்டி அந்த அடிநீரை வயலுக்குத் திருப்பிய வடார்க்காட்டு உழவர்களின் அறிவை நினைத்துக்கொண்டு பார்த்தால் அதே மணல் வேறாகத் தெரியும். 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் வெள்ளம் வந்தபோது ஊரே பாலத்தின்மேல் திரண்டு நின்றது நினைவிருக்கும். அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போய், அவர் சிறுவயதில் எங்கே ஊற்று தோண்டிக் குடித்தார் என்று கேளுங்கள். நான் அறிந்தவரை இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னவர் யாருமில்லை.

மலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மரம் குறைவுதான், வெயிலை வாங்கி இரவெல்லாம் திருப்பித் தரும் பாறைகள். ஆனால் 1677-இல் சிவாஜியின் படை வேலூரை முற்றுகையிட்டபோது இக்குன்றுகளின்மேல்தான் நிலைகொண்டது. மறு ஆண்டில் கோட்டை வீழ்ந்தது. உச்சியில் தெரியும் பழைய மதில்களைக் கீழிருந்து பார்ப்பதே போதும். ஏற விரும்புபவர்கள் வழி தெரிந்தவருடன் விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும்.

பட்டியலில் இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் நெரிசலுக்குப் பயந்து ஒதுங்கும் காந்தி ரோட்டுக்கு ஒரு மாலை வேண்டுமென்றே செல்லுங்கள். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனை இன்று சிஎம்சியாக (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) வளர்ந்திருக்க, அதை நம்பி வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். லாட்ஜ் பலகைகளில் வங்க எழுத்து; உணவகத்திலிருந்து கடுகெண்ணெயில் பொரியும் மீன் வாசனை; ஆட்டோக்காரர் இந்தியில் விலை சொல்லி, வங்காளியில் ஆறுதலும் சொல்கிறார். தேநீர்க் கடையில் அரைமணி நேரம் நின்றால், கையில் மருத்துவக் கோப்புடன் யாராவது வழி கேட்பார்கள். அவர்களை வேடிக்கை பார்க்காதீர்கள். முடிந்தால் கூடவே நடந்து காட்டிவிட்டு வாருங்கள். நாம் வெயிலூர் என்று நக்கலடிக்கும் ஊரின் பெயரை, ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு வீட்டில் எப்படிப்பட்ட நம்பிக்கையுடன் உச்சரிக்கிறார்கள் என்பது அந்தச் சிறிய நடையில் விளங்கும்.

நாவையும் விட்டுவிடக் கூடாது. பிரியாணிக்கு ஆம்பூர் பெயர் வாங்கிக்கொண்டது, இருக்கட்டும். சீரகச் சம்பாவின் பக்கத்தில் வைக்கும் கத்திரிக்காய்க்கு வேலூர் யாரிடமும் கடன்படவில்லை. அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நேதாஜி மார்க்கெட்டில் காலையிலேயே கேட்டு வாங்குங்கள். காம்பைப் பார்க்காமல் கூடையில் கைவிட்டால் முள் குத்தும். குத்தினால் சரியான காய்தான். நல்லெண்ணெயில் முழுக்காயாக வதக்கிப் புளி ஊற்றிச் செய்வதே என் கட்சி. சாம்பாரில் போடுவது வீண்.

நகருக்குள் இவ்வளவும் பார்த்தபின் வெளியே செல்லலாம். மேல்பாடியில் முதலாம் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக எடுப்பித்த சிறிய பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த மன்னருக்கான நினைவுக்கோயில், இருக்கிறது. பொன்னையாற்றுப் பக்கம் போகும் நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுடன் போவதானால் அதைவிட, 'மதிலழகு' என்று பழமொழி பாராட்டும் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலே சிறந்தது. அங்கே அரைவட்டமாக எண்கள் செதுக்கிய மணி காட்டும் கல் ஒன்று உண்டு. மேகமில்லாத நாளாகப் பார்த்து, ஒரு மெல்லிய குச்சியைக் கையோடு கொண்டுபோய், பள்ளத்தில் வைத்து, நிழல் விழும் எண்ணைச் செல்பேசி நேரத்துடன் ஒப்பிடச் சொல்லுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை வெறுங்காலுடன் அந்தப் பிரகாரத்தில் பகலில் நிற்க முடியாது. கார்த்திகைக் கடை ஞாயிறன்று கூட்டத்தில் கல்லையே நெருங்க முடியாது. டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ, காலை பத்து மணிவாக்கில் போவது நல்லது.