அத்லெட்டிக் டிரெயினிங் படிக்க ஆசைப்படும் அக்கா மகனுக்கு, தென்னாப்பிரிக்க டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து

போன மாதம் அக்கா வீட்டில் பிரியாணிச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, பதினோராம் வகுப்புப் படிக்கும் அவள் மகன் கேட்டான்: "சின்னம்மா, அத்லெட்டிக் டிரெயினிங் டிகிரி எங்கே படிக்கிறது?" போனில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் வீடியோவைப் பார்த்திருக்கிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். டர்பனில் இதையே கேட்கிற பிள்ளைகள் நிறைய.

முதலில் அந்தப் பெயரை மற. அத்லெட்டிக் டிரெயினர் என்பது அமெரிக்கத் தொழில். அணியோடு மைதானத்தில் நின்று, விழுந்தவனை அங்கேயே பார்த்து, மறுபடி ஆட வைக்கிறவர். அங்கேயே இளநிலைப் பட்டத்தை வைத்து அந்தத் தொழிலில் நுழையும் வழி மூடிக்கொண்டு வருகிறது. 2022-க்குப் பிறகு அந்தப் பட்டங்களில் புதிதாக ஆள் சேர்ப்பதில்லை, முதுநிலைதான். நம் நாட்டில் அப்படி ஒரு பதிவே கிடையாது. இங்கே அந்த வேலையை பிசியோதெரபிஸ்டும் பயோகினெட்டிசிஸ்டும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். வலியும் வீக்கமும் அடங்கும்வரை பெரும்பாலும் பிசியோ. அப்புறம் பயிற்சி கொடுத்து அந்தக் காலை மறுபடி ஓட வைப்பது பயோகினெட்டிசிஸ்டுகளான நாங்கள். எல்லை எங்கே என்று இரு பக்கமும் முணுமுணுப்பு உண்டு. இத்தனைக்கும் மருத்துவத் தொழில் செய்கிறவர்களைப் பதியும் எச்பிசிஎஸ்ஏ-வில் இரண்டு பேருக்கும் ஒரே வாரியம்தான்.

பள்ளியில் கணக்கை விடாதே. சுலபம் என்று, அன்றாடக் கணக்கு மட்டும் இருக்கும் மேத்ஸ் லிட்டரசிக்கு மாறியவர்கள் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்தபின் தலையில் கை வைப்பதைப் பார்த்திருக்கிறேன். லைஃப் சயின்ஸ், பிசிக்கல் சயின்ஸ் இரண்டும் இருந்தால் நல்லது. நம் மாகாணமான க்வாசூலு-நட்டாலில் கல்லூரி விண்ணப்பம் சிஏஓ என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போகும். வழக்கமாகப் பன்னிரண்டாம் வகுப்பின் செப்டம்பர் கடைசிக்குள். அப்போது உன் கையில் இருப்பது பதினோராம் வகுப்பு மார்க்குதான். அதனால் இந்த வருடத்தை ஒத்திகை என்று நினைக்காதே.

நான் சறுக்கிய இடத்தையும் சொல்கிறேன். 3 ஆண்டு விளையாட்டு அறிவியல் முடித்தால் வேலை பார்க்கலாம் என்று நம்பிச் சேர்ந்தேன். அது பாதிக் கிணறு. பயோகினெட்டிசிஸ்டாகப் பதிய, அந்தப் பட்டத்துக்கு மேல் ஹானர்ஸ் என்ற ஓராண்டுப் படிப்பு வேண்டும், அதற்குமேல் ஓராண்டு இன்டெர்ன்ஷிப். ஹானர்ஸில் இடமோ விரல்விட்டு எண்ணலாம். இரண்டாம் ஆண்டில்தான் இது எனக்குத் தெரிந்தது. முதல் ஆண்டு மார்க்கு அதற்குள் சுமார். சில பல்கலைக்கழகங்களில் நேரடி 4 ஆண்டுப் பட்டம் இருக்கிறது. எதில் சேர்ந்தாலும், "இதை முடித்தால் எச்பிசிஎஸ்ஏ-வில் பதிய முடியுமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கு. காசு விஷயமும் இதில் இருக்கிறது: என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசு மாணவர் நிதி உதவி முதல் பட்டத்துக்கு, ஹானர்ஸுக்கு அதை நம்பாதே.

சரி, சேர்ந்துவிட்டாய். எப்படிப் படிப்பது?

உடற்கூறைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் நிற்காது. நான் அம்மாவின் காலில் படித்தேன். ராத்திரி அவள் டிவி பார்க்கும்போது குளிக்கும் சோப்பில் போகிற பேனாவால் முழங்கால் சில்லு, கெண்டைக்கால் தசை, கணுக்காலின் வெளிமுண்டு எல்லாவற்றையும் வரைவேன். பெயரைச் சத்தமாகச் சொல்லி, விரலால் தொட்டு, "இதை மடக்கும்மா" என்று அசைய வைத்துப் பார்ப்பேன். ஆயா வந்து, "கோயில் கோலத்தை உன் கால்ல போட்டிருக்காளே" என்பாள். ஆனால் தோளையும் அப்படியே படித்ததால், தோள் பரீட்சையில் சுழல் தசை நான்கும் தாமாக வந்து நின்றன, அம்மா கை தூக்கிய வரிசையிலேயே.

ஜவ்வு கிழிந்ததா என்று பார்க்கும் லாக்மன் சோதனையை எல்லாரும் மனப்பாடம் செய்வார்கள்: முழங்காலை 20 முதல் 30 பாகை மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்து, கீழ்க்காலை முன்னே இழு. மனப்பாடம் போதாது. சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன், பந்து ஆடும் தம்பிகள் என்று ஒரு முப்பது நல்ல முழங்கால்களைப் பிடித்துப் பார். இழுத்ததும் டக்கென்று கெட்டியாக நிற்கும். கிழிந்த காலில் அந்த 'டக்' இருக்காது, மெத்தென்று வரும். முப்பதைப் பிடித்த கைக்கு முப்பத்தொன்றாவது உடனே புரியும்.

கணுக்காலுக்கு ஒட்டாவா விதிகள், அதாவது எக்ஸ்ரே தேவையா என்று தொட்டும் நடக்க வைத்தும் பார்க்கும் முறை. என் இரண்டாம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் பையன் ஒருவன் காலை மடக்கி விழுந்தான். "சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவினால் போச்சு" என்றார்கள். வெளிமுண்டின் பின்விளிம்பை அழுத்தினேன், கத்தினான். நான்கு அடி எடுத்து வைக்கச் சொன்னேன், முடியவில்லை. எக்ஸ்ரேயில் முறிவு. நீவியிருந்தால்? எண்ணெய்க்கும் நேரம் உண்டு, அன்றைக்கு அது இல்லை.

கிளினிக்கல் மணிநேரத்தை அன்றன்றே எழுதிக் கையெழுத்து வாங்கு. மாதக் கடைசியில் மேற்பார்வையாளரைத் தேடி ஓடாதே. ஜூலுவில் நான்கு வரியாவது பழகு. "குபுஹ்லுங்கு குபி?", எங்கே வலிக்கிறது என்று கேட்டதும் நோயாளியின் முகம் மாறுவதைப் பார்ப்பாய்.

காம்ரேட்ஸ் மாரத்தான் நாளில் வீட்டில் தூங்காதே. டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கும் நடுவில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர், 12 மணிநேரக் கெடு. தண்ணீர் மேசையில் நில். தடுமாறி வருகிறவனுக்கெல்லாம் தண்ணீரை நீட்டத்தான் கை போகும். ஆனால் அளவு மீறிக் குடித்து, இரத்தத்தில் சோடியம் குறைந்தும் மயங்குவார்கள். நீண்ட ஓட்டங்களில் அப்படி ஆனவர்களைப் பற்றி 1985-இல் எழுதியவர் நம் நாட்டு விளையாட்டு அறிவியலாளர் டிம் நோக்ஸ். குழப்பத்தில் இருக்கிற ஆளைப் பார்த்ததும் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு மருத்துவக் கூடாரத்துக்கு ஆள் அனுப்பு.

அக்கா மகனை இந்தச் சனிக்கிழமை மைதானத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கணுக்காலுக்கு டேப் சுற்றக் காட்டப் போகிறேன். 38 மில்லிமீட்டர் டேப் விலை ஏறிக் கிடக்கிறது, அதனால் முதலில் பழைய துணிப்பட்டையில்தான். கத்தரிக்கோல் மட்டும் அவன் கொண்டுவர வேண்டும்.