மலை உச்சியில் செல்போன் டவர்: எதிர்ப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

மலையில் டவர் வரப்போகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் செய்வது ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குவது. மறுநாளே அதில் மூளைப் புற்றுநோய், செத்துக் கிடக்கும் சிட்டுக்குருவி, யாரோ ஒரு டாக்டர் ஆவேசமாகப் பேசும் வீடியோ எல்லாம் வந்து குவியும். மூன்றாம் நாள் மனு தயார். அந்த மனுவில் மலையைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. இப்படிப்பட்ட மனுக்கள் நிறையப் படித்திருக்கிறேன், ஒன்றிரண்டு நானே எழுதியும் இருக்கிறேன், அதனால் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

கதிர்வீச்சை முன்னால் நிறுத்துவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். அமெரிக்காவில் 1996 தொலைத்தொடர்புச் சட்டம் இதை நேரடியாகவே சொல்லிவிட்டது: கதிர்வீச்சு மத்திய தொலைத்தொடர்பு ஆணையத்தின் (எஃப்.சி.சி.) வரம்புக்குள் இருந்தால், அதன் பாதிப்பைக் காரணம் காட்டி உள்ளாட்சி அமைப்பு டவரை மறுக்க முடியாது. அங்கே ஊர்க் கூட்டத்தில் ஐம்பது பேர் எழுந்து புற்றுநோய் பற்றிப் பேசினால் அது நிறுவனத்துக்குத்தான் லாபம், ஏனென்றால் அனுமதி மறுக்கப்பட்டாலும் "பார்த்தீர்களா, உண்மைக் காரணம் இதுதான்" என்று கோர்ட்டில் அந்தப் பதிவையே நீட்டிவிடுவார்கள். இந்தியாவில் 2012 செப்டம்பரிலிருந்து வரம்பு சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டிருக்கிறது, அந்த வரம்புக்குள் இருக்கும் டவரைக் கதிர்வீச்சு என்று சொல்லி நிறுத்துவது இங்கேயும் லேசுப்பட்ட வேலை இல்லை.

உடனே ஒருவர் 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொன்னதை எடுத்து வைப்பார். சொன்னது உண்மைதான், ரேடியோ அலைகளை 2பி பிரிவில், அதாவது 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்தார்கள். முழுக் கற்றாழை இலைச் சாறும் பின்னர் அதே பட்டியலில் சேர்ந்தது. ஆதாரம் வலுவாக இல்லை, முழுக்கத் தள்ளிவிடவும் முடியவில்லை என்பதுதான் அந்தப் பிரிவின் பொருள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. டவர் ஆன்டெனா கலங்கரை விளக்கம் மாதிரி, கற்றையைக் கிடைமட்டமாக, ஓரிரு டிகிரி மட்டும் கீழே சாய்த்து வீசுகிறது, அதனால் டவரின் அடியில் அலை பெரும்பாலும் பலவீனமாகத்தான் இருக்கும். தூரம் இரண்டு மடங்கானால் வலிமை நான்கில் ஒன்றாகும். நம் கையில் இருக்கும் போனோ சிக்னல் கிடைக்காத இடத்தில்தான் முழு பலத்தோடு கத்தும், டவர் அருகில் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். காதோடு ஒட்டியிருக்கும் கருவியைக் கணக்கில் எடுத்தால் டவர் இல்லாத ஊரில்தான் உடம்பில் அதிக அலை படுகிறது என்று எதிர்த்தரப்பு இன்ஜினியர் இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அப்புறம் நீங்கள் மலையைப் பற்றிப் பேசினாலும் யார் கேட்பார்கள்?

அடுத்து, "எங்களுக்கு சிக்னலே வேண்டாம்" என்று சொல்வது. சொல்பவர் வீட்டில் கம்பி வழி இணையம் இருக்கும், வைஃபையில் போன் பேசிக்கொள்வார். இரண்டு வளைவு தள்ளி இருப்பவருக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட மேட்டில் ஏற வேண்டியிருக்கும். ஒரு கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து எதுவும் பேசாமல் தன் பட்டன் போனை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு உட்கார்ந்தார், திரையில் சிக்னல் கட்டம் ஒன்றுகூட இல்லை. அதுவரை நாங்கள் பேசிய ஒரு மணி நேரமும் அதோடு போச்சு. தேவையை மறுக்காதீர்கள், தேவை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பிரிட்டனில் 2020இல் நான்கு நிறுவனங்களும் அரசும் சேர்ந்து, நாட்டின் 95 சதவீத நிலப்பரப்புக்கு 4ஜி கொண்டுபோவதாகத் திட்டம் போட்டார்கள். கவனியுங்கள், மக்கள்தொகையில் அல்ல, நிலப்பரப்பில். அதனால் ஆள் நடமாட்டமே இல்லாத ஸ்காட்லாந்து மலைகளுக்கும் டவர் திட்டமிடப்பட்டது. அங்கே எதிர்த்தவர்கள் சிக்னல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆளே இல்லாத மலையில் கொண்டுபோய் வைக்காதே, ஆள் இருக்கும் இடத்தில் வை என்றார்கள். டவர் வைக்க அனுமதி கேட்பவர் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி அது.

சரி, அப்படியானால் எதைப் பேசுவது? மலையைத்தான். ஆனால் "அழகு கெடும்" என்று மட்டும் எழுதினால் அது யாரும் எந்த மலைக்கும் எழுதக்கூடிய வரி. எந்த இடத்திலிருந்து பார்த்தால், எவ்வளவு தூரத்தில், முகட்டுக் கோட்டுக்கு மேலே எத்தனை மீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும் என்று சொல்லுங்கள். ஒரே உயர டவர் வானத்துக்கு எதிராக நின்றால் பல கிலோமீட்டர் தள்ளியும் கண்ணைக் குத்தும், முகட்டுக்குச் சற்றுக் கீழே, பின்னால் மரமும் பாறையும் இருக்கும்படி நின்றால் பாதிப் பேர் கவனிக்கவே மாட்டார்கள். அந்த முப்பது, நாற்பது மீட்டர் இறக்கத்துக்காகத்தான் பல நேரம் போராட வேண்டியிருக்கும்.

டவர் எழும்பினால் இப்படித்தான் தெரியும் என்று நிறுவனம் கொடுக்கும் மாதிரிப் படத்தை அப்படியே நம்புவது இதன் தொடர்ச்சியாக வரும் தவறு. இதை நீங்களே சோதிக்கலாம். கையை நீட்டி ஒரு ஸ்கேலை நிமிர்த்திப் பிடியுங்கள், கண்ணிலிருந்து ஏறக்குறைய 60 செ.மீ. இருக்கும். 1 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் 45 மீட்டர் டவர் அந்த ஸ்கேலில் 2.7 செ.மீ. மறைக்கும், 3 கிலோமீட்டர் தள்ளி என்றால் 0.9 செ.மீ. இப்போது படத்தை எடுத்து அதே தூரத்தில் பிடித்துப் பாருங்கள். செல்போன் கேமராவின் அகலக் கோணத்தில் எடுத்து ஏ4 தாளில் அச்சிட்ட படமாக இருந்தால் 1 கிலோமீட்டர் டவர் 1 செ.மீ.கூட வந்திருக்காது. பொய்ப்படம் என்று சொல்ல முடியாது, லென்ஸ் அப்படி. பிரிட்டனில் நிலக்காட்சி மதிப்பீடு செய்பவர்கள் இதனால்தான் 50 மி.மீ. லென்ஸை அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். அந்த லென்ஸில், தெளிவான வானிலையில், நீங்கள் சொல்லும் இடங்களிலிருந்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பனிமூட்ட நாளில் எடுத்த படத்தில் வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிற டவரைத் தேடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி தேடுகிற மாதிரி.

பலூன் சோதனையும் கேட்கலாம். டவர் உயரத்துக்குக் கயிறு கட்டி ஒரு பெரிய சிவப்பு பலூனைப் பறக்கவிடுவார்கள், ஊர் முழுக்க நின்று பார்க்கலாம். நல்ல சோதனைதான், ஆனால் மலையில் காற்று சும்மா இருக்காது. 45 மீட்டர் கயிறு 45 டிகிரி சாய்ந்தால் பலூன் இருக்கும் உயரம் 32 மீட்டர்தான். அதை நம்பி "இவ்வளவுதானா" என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அதிகாலையில், காற்று எழும் முன்பு நடத்தச் சொல்லுங்கள், காற்று அடித்தால் மாற்று நாள் என்று முன்னமே எழுதி வாங்குங்கள்.

எல்லோரும் இரும்பையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதால் கீழே நடப்பது தெரியாமல் போய்விடுகிறது. டவருக்குத் தேவையான நிலம் சில சென்ட்தான். ஆனால் கிரேனும் கான்கிரீட் லாரியும் ஏற ஒரு பாதை வேண்டும், மின்கம்பி வேண்டும், அதற்கு மரம் வெட்டிய பட்டை வேண்டும், கரண்ட் போனால் ஓட டீசல் ஜெனரேட்டர் வேண்டும், அந்த டீசலை மேலே ஏற்ற மறுபடி அதே பாதை. செங்குத்துச் சரிவில் வெட்டிய பாதையில் மழைநீர் இறங்கும் போக்கு மாறும், மண் சரியும், கீழே ஊற்று கலங்கும். டவரை ஒருநாள் கழற்றிவிடலாம், மலையை வெட்டிய வடுவைக் கழற்ற முடியாது. என்னைக் கேட்டால் ஆட்சேபணையில் பாதி இதைப் பற்றியே இருக்க வேண்டும்: பாதையின் சாய்வு என்ன, வடிகால் எங்கே, எத்தனை மரம், ஜெனரேட்டர் இரவில் எவ்வளவு நேரம் ஓடும். வரைபடத்தில் பாதையே காட்டாத விண்ணப்பங்களும் வரும், அதைக் கண்டுபிடித்துக் கேட்டாலே விண்ணப்பம் முழுமையில்லை என்று திரும்பிப் போக வாய்ப்புண்டு.

மாற்று இடம் சொல்லாமல் மறுப்பது அடுத்தது. அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் டவர்கள், தண்ணீர்த் தொட்டி, மின்கோபுரம் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, இவற்றில் ஆன்டெனா வைத்தால் எந்தப் பகுதி விடுபடும் என்று கேளுங்கள். ஒரு உயர டவருக்குப் பதில் பள்ளத்தாக்கில் இரண்டு மூன்று குட்டைக் கம்பங்கள் போதுமா என்றும் கேளுங்கள், போதாது என்றால் அவர்களே கணக்குப் போட்டுக் காட்டட்டும். 700, 900 மெகாஹெர்ட்ஸ் அலை போகும் தூரத்துக்கு 2100 போகாது. எந்த அலைவரிசையை வைத்துப் போட்ட கணக்கு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாலே பேச்சின் தொனி மாறிவிடும்.

கெடு விஷயத்தில் ஏமாறாதீர்கள். அமெரிக்காவில் உள்ளாட்சி அமைப்பு முடிவு சொல்ல, புதிய டவர் விண்ணப்பத்துக்கு 150 நாள், இருக்கும் டவரில் ஆன்டெனா சேர்க்க 90 நாள் என்று 2009இல் அந்த மத்திய ஆணையம் கெடு வைத்தது. மற்ற இடங்களில் எண் வேறாக இருக்கும், ஆனால் ஏதோ ஒரு கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் அது முடிந்துவிடும். ஆயிரம் கையெழுத்து போட்ட ஒரே வாசகத்தைவிட, தன் வீட்டு வாசலிலிருந்து எடுத்த படத்தோடு இருபது பேர் தனித்தனியாக எழுதிய கடிதம் பின்னால் கோர்ட்டில் நிற்கும். வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது, எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

குத்தகைக்கு நிலம் கொடுத்தவரைத் துரோகி ஆக்குவதும் வேண்டாம். அதே மலையில் நூறு அடி தள்ளி வைக்க நாளைக்கு அவர் சம்மதம்தான் தேவைப்படும்.

கடைசியில் அனுமதி கிடைத்துவிட்டால் பலர் கோபத்தில் ஒதுங்கிவிடுகிறார்கள். நிபந்தனைகள் எழுதப்படுவதே அப்போதுதான். பைன் மரம் மாதிரி வேஷம் போட்ட டவர் தருகிறோம் என்றால் உடனே தலையாட்டாதீர்கள், சுற்றியிருக்கும் மரங்களைவிட இரண்டு மடங்கு உயரத்தில் நிற்கும் ஒரு பிளாஸ்டிக் மரம் வெறும் கம்பத்தைவிட மோசமாகத் தெரியும். தூரத்திலிருந்து பார்க்க, மங்கலான சாம்பல் பூசிய கம்பிச் சட்ட டவர் பல நேரம் பரவாயில்லை, பின்னாலிருப்பது அதன் ஊடே தெரியும். விளக்கையும் கேளுங்கள். அமெரிக்காவில் 200 அடியைத் தாண்டினால் பொதுவாக விமான எச்சரிக்கை விளக்கு வேண்டும், அங்கே பல டவர்கள் சரியாக 199 அடியில் நிற்பது தற்செயல் இல்லை. விளக்கு தவிர்க்க முடியாதென்றால் அணையாமல் எரியும் சிவப்பு வேண்டாம், விட்டு விட்டு மின்னுவது போதும் என்று கேளுங்கள், இரவில் வலசை போகும் பறவைகள் அணையாத விளக்கைத்தான் சுற்றிச் சுற்றி வந்து கம்பியில் மோதிச் சாகின்றன. அப்புறம் உயரம். அமெரிக்காவில் 2012இல் வந்த சட்டப்படி, ஏற்கெனவே நிற்கும் டவரை 20 அடி அளவுக்கு உயர்த்தக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க முடியாது. ஆகவே முகட்டுக்குக் கீழேயே நிற்க வேண்டும், பின்னணியில் மறைய வேண்டும் என்பது அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனையாக இருக்கட்டும். பயன்பாடு நின்றால் எத்தனை மாதத்தில் கழற்ற வேண்டும், அதற்கான பணம் யாரிடம் வைப்பாக இருக்கும் என்பதும் அதே கடிதத்தில் வரட்டும். அந்தக் கடிதத்தின் நகலையும், சோதனைக்கு எடுத்த அந்த 50 மி.மீ. படங்களையும் பத்திரமாக வைத்திருங்கள். டவர் எழும்பிய மறுநாள் அதே இடத்தில் நின்று, அதே லென்ஸில் மறுபடி ஒரு படம் எடுக்க வேண்டியிருக்கும்.