தசை தளர்த்தி மாத்திரை: ஒரே நாளில் விட்டால் வரும் ஆபத்து

கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கமிருந்து விடிகாலை ஜீப்பில் மெட்டு (மலைக் கணவாய்) ஏறி கேரளத்தின் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய் வருகிறவர்களுக்கு இடுப்புப் பிடிப்பு தீராத தொல்லை. காய் செடியின் அடியில் இருப்பதால் நாள் முழுக்கக் குனிந்தே எடுக்க வேண்டும். டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிய தசை தளர்த்தி மாத்திரை, பழைய சீட்டைக் காட்டியும் காட்டாமலும் மாதக்கணக்கில் ஓடிவிடுகிறது. ஒருநாள் சீசன் முடியும், கையில் காசு இருக்காது, இல்லையென்றால் வீட்டில் திட்டுவார்கள். அன்றைக்கே மாத்திரையை விட்டுவிடுவார்கள். உயிருக்கே ஆபத்து வருவது இந்த இடத்தில்தான்.

பெயர் தெரியாமல் விழுங்குவது

எதைக் கேட்டாலும் 'நரம்பு மாத்திரை' என்பார்கள். உள்ளே இருக்கும் மருந்துகளோ வெவ்வேறு. பேக்லோஃபென், டிசானிடின், டயாசிபாம், காரிசோப்ரோடால் ஆகிய நான்கையும் நீண்ட நாள் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தக் கூடாது. வலி மாத்திரையோடு கலந்து வரும் அட்டைகளிலும் டிசானிடின் 2 மி.கி. இருப்பதுண்டு. அது தெரியாமல் தனி டிசானிடினும் போடுகிறவர்கள் இரட்டிப்பு அளவுக்குப் பழகிவிடுகிறார்கள்.

மருந்துக்கடையில் கத்தரித்துக் கொடுக்கும் நான்கு மாத்திரைத் துண்டில் பல நேரம் பெயர் இருக்காது, 'மி.கி.' என்ற எழுத்தின் பாதியும் ஒரு அலுமினிய ஓரமும்தான் மிஞ்சும். பெயரும் அளவும் காலாவதித் தேதியும் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள், முழு அட்டையையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மயங்கி விழுந்தால் டாக்டருக்கு முதலில் தேவைப்படுவது அந்தப் பெயர்தான்.

சட்டென நிறுத்துவது

பேக்லோஃபென் தண்டுவடத்தில் நரம்புத் தூண்டலுக்குப் பிரேக் போடுகிறது. இந்த வெளிப் பிரேக் மாதக்கணக்கில் இருந்தால் உடல் தன் சொந்தப் பிரேக்கைத் தளர்த்திவிடும். உடலில் இந்த மருந்தின் அளவு பாதியாகக் குறைய மூன்று நான்கு மணி நேரமே ஆகிறது. அதனால் கடைசி மாத்திரைக்குப் பின் ஓரிரு நாளிலேயே தூக்கமின்மை, படபடப்பு, பழைய இறுக்கம் பல மடங்காகத் திரும்புவது, காய்ச்சல், இல்லாததைப் பார்ப்பது, வலிப்பு என்று வரிசையாக வரலாம். டிசானிடின் வேறு வழியில் வேலை செய்வதால், அதைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எகிறும். டயாசிபாம் உடலில் நெடுநாள் தங்கும். நிறுத்திச் சில நாள் ஒன்றும் ஆகவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கும்போது, ஒரு வாரம் கழித்துக்கூட வலிப்பு வரும்.

சரியான வழி படிப்படியாகக் குறைப்பது. பேக்லோஃபென் 10 மி.கி. மூன்று வேளை, அதாவது நாளுக்கு 30 மி.கி. எடுப்பவருக்கு, வாரத்துக்கு 5 முதல் 10 மி.கி. வரை குறைப்பதே பொதுவான முறை. முதல் வாரம் மதிய மாத்திரையைப் பாதியாக்குவதில் தொடங்கலாம். டிசானிடினை அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 4 மி.கி. வீதம் குறைப்பார்கள். வேகத்தை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். முன்பு வலிப்பு வந்தவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் இதை வீட்டில் தாங்களாகச் செய்யவே கூடாது. பேக்லோஃபென் பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சாதாரண அளவே உடலில் தேங்கிக் குழப்பத்தை உண்டாக்கும்.

குறைக்கும் அட்டவணையை மருந்தின் பொதுப் பெயரும் மி.கி. அளவும் போட்டு எழுதி வாங்குங்கள். கம்பத்தில் பார்த்த டாக்டரின் சீட்டு குமுளி மெடிக்கலில் விளங்க வேண்டும். பிராண்டு பெயர் மட்டும் இருந்தால் அங்கே வேறொன்று கைமாறும். மலையில் மழை பிடித்து ஜீப் ஓடாத நாளுக்கென்று சில நாள் மாத்திரை கையிருப்பும் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அறிகுறியை வேறொன்றாக நினைப்பது

காய்ச்சல் அடித்தால் வைரஸ் காய்ச்சல் என்று கசாயம் வைக்கிறார்கள். சுவரில் ஆள் நிற்கிறான் என்று உளறினால் காத்துக்கருப்பு என்று விபூதி போடக் கூட்டிப் போகிறார்கள். அந்த ஓர் இரவு வீணாவதுதான் பெரும் கொடுமை. 'எந்த மாத்திரையை எப்போது நிறுத்தினாய்?' என்று யாராவது கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

பழைய அளவிலேயே மறுபடி தொடங்குவது

நாலைந்து நாள் விட்டபின் நடுக்கம் தாங்காமல் பழைய முழு அளவையும் ஒரே வாயில் போடுவது, அல்லது ஒரு குவார்ட்டரால் சரிக்கட்டுவது இரண்டுமே மோசம். தாங்கும் சக்தி அதற்குள் குறைந்திருக்கும். மதுவும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகிவிடும். டிசானிடின் எடுப்பவர்கள் வயிற்றுப்போக்குக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் போடவே கூடாது; ரத்தத்தில் டிசானிடின் பல மடங்கு ஏறி அழுத்தம் சரிந்துவிடும்.

வலிப்பு வந்தால்

கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துணி வைத்து, நேரம் பாருங்கள். மாத்திரையை நிறுத்தியவருக்கு வலிப்பு வந்தாலே 108ஐ அழைக்கலாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ அடுத்த வலிப்பு தொடர்ந்தாலோ ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. 108 இரு மாநிலத்திலும் உண்டு. ஆனால் மெட்டுப் பகுதியில் அழைப்பு அடுத்த மாநில மையத்துக்கும் போகலாம். அதனால் முதலில் மாநிலத்தையும் ஊரையும் சொல்லிவிட்டு, பிறகு மாத்திரைப் பெயர், தினசரி அளவு, கடைசியாகப் போட்ட நேரம் மூன்றையும் சொல்லுங்கள்.