குடைத்தலைக் குமரன்: இருண்ட நகைச்சுவைப் படப்பாட்டு எழுதும் முறை

பிராங்க்ஃபர்ட்டில் ஹைன்ரிஷ் ஹாஃப்மன் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1844 கிறிஸ்துமஸுக்கு மூன்று வயது மகனுக்காக அவரே படம் வரைந்து பாட்டு எழுதினார். அதில் சூப் குடிக்க மறுக்கும் பையன் ஐந்தே நாளில் மெலிந்து செத்துப்போகிறான். அங்கே அடம் பிடித்ததற்குத் தண்டனை. 1997இல் அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் டிம் பர்ட்டன் வெளியிட்ட படப்பாட்டுகளில் சிப்பித் தலையோடு பிறந்த பையன் ஒரு தப்பும் செய்யவில்லை, பிறந்ததுதான் தப்பு. நாம் எழுதப்போவது இந்த இரண்டாவது வகை.

முதல் படி: விசித்திரம் ஒன்றே ஒன்று

நம் கதை நடப்பது மலேசியாவின் பினாங்குத் தீவில்; அங்கே மழைக்குப் பஞ்சமில்லை. அதனால் குடைத் தலையோடு ஒரு பையன். அவனுக்கு வாலும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். உண்மையில் இருக்கும் உடல் குறையையும் எடுக்காதீர்கள். சிரிப்பு பிள்ளையின் மேல் விழக்கூடாது, சுற்றியுள்ள பெரியவர்கள் மேல் விழவேண்டும்.

இரண்டாம் படி: பொருளின் தலையெழுத்து

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். குடைக்கு என்னவெல்லாம் நடக்கும்? மழையில் தேடுவார்கள், வெயில் வந்தால் மூலையில் சாத்துவார்கள், காற்றில் புரண்டுகொள்ளும், இரவல் போனால் திரும்பாது, எங்காவது மறந்து வைப்பார்கள். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கதை முடிவு அந்தப் பட்டியலிலேயே இருக்கும். புதிதாக எழுதுபவர்கள் கடைசியில் லாரியைக் கொண்டுவந்து மோதவிடுகிறார்கள். லாரி யாரை வேண்டுமானாலும் மோதும். மறந்து வைப்பது குடைக்கு மட்டுமே உரிய சாவு.

மூன்றாம் படி: பாட்டு

வரிக்கு நான்கு சீர், இரண்டிரண்டு வரிக்கு ஓர் எதுகை. இலக்கணம் கறாராக வேண்டாம், தாலாட்டு மாதிரி ஓடினால் போதும்.

குடைத்தலைக் குமரன் குணத்தில் தங்கம்;
அடைமழை பெய்தால் அனைவர்க்கும் பிள்ளை.

வெயிலடித் தாலோ வீட்டின் மூலை;
துயிலும் நின்றபடி, தொந்தரவு இல்லை.

படகில் மகனுடன் பட்டர்வொர்த் போனாள்;
கடையில் வாங்கிய கத்தரிக்காய் வந்தது.

‘ஐயோ’, ‘பாவம்’, ‘அந்தோ’ எதுவும் உள்ளே இல்லை, கவனித்தீர்களா? எழுதுகிறவர் அழுதால் வாசகருக்கு வேலை இருக்காது. பையன் திரும்பவில்லை என்று ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். கத்தரிக்காய் வந்ததைச் சொன்னாலே வராதது யார் என்று தெரிந்துவிடும்.

நான்காம் படி: படம்

கறுப்பு மைப்பேனா போதும், 0.3, 0.5 மி.மீ. என இரண்டு முனைகள். கண் இரண்டு புள்ளி. புருவமும் கண்ணீரும் வேண்டாம். நிழலுக்குக் குறுக்கும் நெடுக்கும் மெல்லிய கோடுகள். பாட்டு சொன்னதையே படமும் சொன்னால் வீண். முதல் படத்தில் நான்கைந்து சொந்தக்காரர்கள் குமரனைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும்; எல்லாரும் காய்ந்திருக்க அவன் மட்டும் சொட்டச் சொட்ட. கடைசிப் படத்தில் அம்மாவே வேண்டாம். தீவிலிருந்து எதிர்க்கரையான பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெர்ரிப் படகின் நீள இருக்கை, அதன் ஓரத்தில் மடக்கிய குடை, கீழே இரண்டு சின்னக் கால். ஃபெர்ரி என்றால் கார் ஏறிய பழைய ஃபெர்ரியை வரையுங்கள். 2023இல் வந்த புதியவற்றில் ஆளும் மோட்டார் சைக்கிளும்தான் போகும்; வசதிதான், ஆனால் அந்தப் பழைய உருவத்தில் இருக்கும் சோகம் இதில் இல்லை.

ஐந்தாம் படி: புத்தகமாக்குதல்

ஏ4 தாளை ஒருமுறை மடித்தால் நான்கு பக்கம்: அட்டை, உள்ளே இரண்டு, பின்பக்கம். பக்கத்துக்கு ஓர் ஈரடி. மூன்றாவது ஈரடி பின்பக்கத்தில் விழுவதால் வாசகர் தாளைத் திருப்பினால்தான் முடிவு தெரியும். போட்டோஸ்டாட் கடையில் இருபுறமும் எடுக்கச் சொல்லுங்கள், தலைகீழாக வந்திருக்கிறதா என்று முதல் பிரதியிலேயே பார்த்துவிடுங்கள். அட்டையில் தலைப்பு மட்டும் போதும். ஃபெர்ரியை அங்கே வரைந்து காரியத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.