தட்டைத் தட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்: காது கேளாத பிள்ளையை வளர்ப்பதில் நடக்கும் தவறுகள்

குமரி மாவட்டத்தில் குளச்சல் பக்கம் கடலோரத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பையனுக்கு இரண்டரை வயது. இன்னும் ‘அம்மா’ என்று கூப்பிடவில்லை. “காதெல்லாம் நல்லா கேக்குது டீச்சர், பாருங்க” என்று சொல்லி, பாட்டி ஒரு எவர்சில்வர் தட்டை அவனுக்குப் பின்னால் தரையில் போட்டார். பையன் டக்கென்று திரும்பினான். வீட்டில் எல்லோர் முகத்திலும் நிம்மதி. அப்புறம் அவனைப் பாட்டியின் மடியில் தூக்கி உட்கார வைத்தேன். என் நிழல் அவன்மேல் விழாதபடி பின்னால் நின்று, அதே தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கரண்டியால் அடித்தேன். அவன் திரும்பவே இல்லை. முதல் தடவை அவனைத் திருப்பியது சத்தம் அல்ல; தரையின் அதிர்வு.

செவித்திறன் குறைந்த பிள்ளைகளோடு சிறப்பாசிரியையாகப் பதினைந்து வருடமாக வேலை செய்கிறேன். மற்றெல்லாத் தவறுக்கும் மூலமான தவறு இதுதான்: வீட்டிலேயே சோதித்துப் பார்த்துக் காத்திருப்பது. “அவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்” என்ற ஒரு வாக்கியத்தால் எத்தனை பிள்ளைகள் இரண்டு மூன்று வருடத்தை இழந்திருக்கிறார்கள்! பிறந்த ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறை இருக்கிறதா என்று உறுதி, ஆறு மாதத்துக்குள் பயிற்சி தொடக்கம் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கணக்கு. முதலில் ஓஏஇ பரிசோதனை, அதாவது உள்காது வேலை செய்கிறதா என்று பார்ப்பது. சந்தேகம் இருந்தால் பெரா, அதாவது சத்தம் காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது. பிள்ளை தூங்கும்போதே எடுத்துவிடலாம், வலியே கிடையாது. குறைமாதக் குழந்தை, மஞ்சள் காமாலை கடுமையாக வந்த குழந்தை, தீவிர சிகிச்சையில் கிடந்த குழந்தை என்றால் ஓஏஇ சரியாக இருந்தாலும் பெராவும் எடுத்தாக வேண்டும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் போய்க் கேளுங்கள். மண்டைக்காட்டு அம்மனுக்கும் கோட்டாறு சவேரியாருக்கும் நேர்ந்துகொள்ளுங்கள், நானும் கும்பிடுகிறவள்தான். பரிசோதனையை மட்டும் அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். நாக்கில் வசம்பு தேய்ப்பதும், காதில் பூண்டெண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்கு நாக்கில் ஒரு குறையும் இல்லை. காதில் விழாத சொல்லை யாராலும் திருப்பிச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். அதனால் ‘ஊமை’ என்ற சொல்லையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? பிள்ளையின் மூளை மொழியை வாங்கிக்கொள்ளும் நல்ல பருவம் முதல் சில வருடங்கள்தான். கேட்கும் பிள்ளை யாரும் சொல்லித்தராமலே அடுப்படிப் பேச்சிலிருந்தும் தெருச் சண்டையிலிருந்தும் மொழியைப் பொறுக்கிக்கொள்ளும். காது கேளாத பிள்ளைக்கு அந்த வழி அடைந்திருக்கிறது. ஆகவே முதலில் கொடுக்க வேண்டியது மொழி. அது கருவி வழியாகப் போகட்டும், கை வழியாகப் போகட்டும், போய்ச் சேர வேண்டும்.

காது மிஷின் வாங்கியவர்கள் வீட்டில் அது அலமாரியில் பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். “போட்டா அழுறான், கீச்சுன்னு சத்தம் வருது” என்பார்கள். கீச்சென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் மோல்டு, அதாவது காதுக்குள் பொருந்தும் அச்சு, லூசாகிவிட்டது என்று அர்த்தம். பிள்ளை வளர வளரக் காதும் வளரும். சின்னக் குழந்தைக்குச் சில மாதத்துக்கு ஒருமுறையே புது மோல்டு தேவைப்படும். நம்ம ஊரில் இன்னொரு பாடு உண்டு. ஆனி ஆடிச் சாரல், ஐப்பசி கார்த்திகை மழை என்று இரண்டு மழையும் நமக்கு. போதாததற்கு உப்புக் காற்று. ஈரம் மிஷினைத் தின்றுவிடும். ராத்திரி கழற்றியதும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடி டப்பாவில் வையுங்கள். தலைக்குத் தேங்காயெண்ணெய் தேய்க்கும்போது மிஷினைக் கழற்றிவிட்டு, காதோரம் நன்றாகத் துடைத்த பிறகு மாட்டுங்கள். பேட்டரியின் ஸ்டிக்கரைப் பிரித்ததும் உடனே போடாமல் ஒரு நிமிஷம் காற்றுப் பட விடுங்கள். பழைய பேட்டரியைப் பிள்ளை கையில் மட்டும் சிக்க விடாதீர்கள்; விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

மிஷின் போதாத பிள்ளைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் கருவி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை செய்கிறார்கள். ஆறு வரை இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள், இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் பலனில் பெரிய வித்தியாசம். ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. சில வாரம் கழித்துத்தான் கருவியை இயக்கவே தொடங்குவார்கள். அதற்குப் பிறகு மேப்பிங், அதாவது பிள்ளைக்கு ஏற்றபடி கருவியின் அளவைச் சரிசெய்வது, வருடக்கணக்கில் கேட்புப் பயிற்சி. பயிற்சிக்குப் போகாத பிள்ளைக்கு அது வெறும் இரைச்சல்.

சரி, சைகை மொழி. “கையைக் காட்டப் பழகினா வாய் பேசாது” என்று பயப்படாத பெற்றோரை நான் பார்த்ததில்லை. இந்தப் பயம் பழையது. 1880-ல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி ஆசிரியர் மாநாடு சைகை மொழியைப் பள்ளிகளிலிருந்து விலக்கத் தீர்மானம் போட்டது. 2010-ல் வான்கூவரில் கூடிய மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. சைகை பேச்சைத் தடுக்காது. மொழியே இல்லாமல் விடுவதுதான் தடுக்கும். உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் ‘மாமா’ என்றும் ‘பாப்பா’ என்றும் சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். ‘காக்கா’வுக்கு உதட்டில் வேலையே இல்லை.

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தில் வேறொரு சிக்கல். பயிற்சிக்குத் திருவனந்தபுரம் போகிறார்கள், அங்கே மலையாளம், வீட்டில் தமிழ், பள்ளிக்கூடம் இங்கிலீஷ் மீடியம். ஒரு மொழியே கையில் சிக்காத பிள்ளைக்கு மூன்று. வீட்டில் பேசும் மொழி எதுவோ அதிலேயே பயிற்சி வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டில் சாயங்காலம். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும். சித்தப்பா ஏதோ சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஒன்பது வயதுப் பெண் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். தானும் சிரிக்கிறாள். அப்புறம் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து ‘என்ன?’ என்று கையை விரிக்கிறாள். “ஒண்ணுமில்ல மக்களே, அப்புறம் சொல்றேன்.” அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. எந்தப் பெற்றோரும் வேண்டுமென்று இதைச் செய்வதில்லை. ஆனால் காது கேளாத பெரியவர்களிடம் சின்ன வயதில் எது வலித்தது என்று கேட்டால், நிறையப் பேர் சொல்வது இதைத்தான். வீட்டில் சைகை கற்ற ஒரே ஆள் அம்மா என்றால் அது போதாது. அப்பா, அண்ணன், பாட்டா எல்லோரும் கற்க வேண்டும். யார் என்ன சொன்னார்கள், எதற்குச் சிரித்தோம் என்று அப்போதே சொல்ல வேண்டும். சாமி, சாவு, உடம்பு, தப்பாகத் தொடுகிறவன் எல்லாவற்றையும் பற்றிச் சொல்லச் சொற்கள் வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் முன்வரிசையில் உட்கார வைத்தால் போதும் என்று ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். போர்டைப் பார்த்துக்கொண்டே பேசினால் முன்வரிசையால் பயனில்லை. கத்திப் பேசுவதாலும் பயனில்லை. கத்தினால் உதடு கோணும். நோட்டில் ‘நான் நேற்று கடை போ மீன்’ என்று பிள்ளை எழுதியிருந்தால் அது மந்தபுத்தி அல்ல. ‘-க்கு’, ‘-இல்’, ‘-ஆன்’ போன்ற ஒட்டுகள் சொல்லின் கடைசியில் மெல்ல வருகிறவை; காதிலும் விழாது, உதட்டிலும் தெரியாது. கண்ணால் வாசித்துத்தான் அவற்றைப் பிடிக்க முடியும். தினமும் ஒரு பக்கம் கூடவே உட்கார்ந்து வாசியுங்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. அதற்கான மாற்றுத்திறனாளி சான்றிதழைப் பத்தாம் வகுப்பில் தேடி ஓடாமல், பிள்ளைக்குக் குறை உறுதியான வருடமே நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து வாங்கி வையுங்கள்.