ரன்னுன்னா ஓடுறது மட்டும் இல்லீங்க, அதைப் பிடிக்கிறது எப்படின்னு பாப்போம்

போன வாரம் டியூஷன்ல ஆறாவது படிக்கிற பையன் ஒருத்தன் எழுந்து நின்னு, "மிஸ், மூக்குக்கு தான் காலே கெடையாதே, அப்புறம் எப்பிடி மிஸ் ஓடும்?"னு கேட்டான். ஒர்க்ஷீட்ல மை நோஸ் இஸ் ரன்னிங்னு ஒரு வரி. எல்லாரும் சிரிச்சுட்டாங்க, நானும் தான். ஆனா யோசிச்சுப் பாத்தா அவன் கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. ஒண்ணாவதுல ஓடுற பையன் படத்தைக் காட்டி ரன்னுன்னா ஓடுறதுன்னு சொல்லிட்டு நாம விட்டுடுறோம், அந்த வார்த்தை பாட்டுக்கு மூக்குல, பேங்க்ல, எலெக்‌ஷன்ல, துணி சாயத்துலன்னு எல்லா எடத்துலயும் வந்து நிக்குது, பசங்க முழிக்கிறாங்க, பெரியவங்களும் முழிக்கிறோம், வெளிய சொல்றதில்ல அவ்ளோதான்.

நான் கடலூர்ல திருப்பாப்புலியூர் பக்கம் வீட்டு வராண்டாவுல டியூஷன் எடுக்குறேன், அதுக்கு முன்னாடி பல வருஷம் டெய்லி பஸ் ஏறி பாண்டிக்கு வேலைக்குப் போயிட்டு வந்தவ. ரெண்டு எடத்துலயும் இந்த வார்த்தைகிட்ட அடி வாங்கியிருக்கேன், அந்த அனுபவத்துல தான் இதை எழுதுறேன்.

எல்லா அர்த்தத்தையும் மனப்பாடம் பண்ணலாம்னு மட்டும் நெனைக்காதீங்க. ஆக்ஸ்ஃபோர்டோட பெரிய இங்கிலீஷ் டிக்‌ஷனரி ரெண்டாவது பதிப்பு 1989ல 20 வால்யூமா வந்துச்சு, அதுல செட்ங்கற வார்த்தை தான் ராஜா, 430 அர்த்தம். அப்புறம் அதைத் திருத்தி எழுதுறப்ப பீட்டர் கில்லிவர்னு ஒருத்தர் ரன்னை எடுத்து உக்காந்தாரு, அந்த ஒரே வார்த்தைக்கு ஒன்பது மாசம் ஆச்சு, முடிக்கிறப்ப வினைச்சொல்லா மட்டுமே 645 அர்த்தம். இன்ஜின் வந்துச்சு, மெஷின் வந்துச்சு, கம்ப்யூட்டர் வந்துச்சு, வந்தது எல்லாத்தையும் ரன்னுன்னே சொல்லிப் பழகிட்டாங்க, கூடிக்கிட்டே போகாம என்ன செய்யும். இங்கிலாந்துல பொறந்தவனுக்கே 645ம் தெரியாது, நமக்கு ஒரு நாப்பது அம்பது தெரிஞ்சா போதும், அதுலயும் பாதி நம்மகிட்ட ஏற்கனவே இருக்கு.

எப்படின்னா, அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதிலையே சொல்றேன். "டேய், உங்க வீட்டு ஃபேனுக்கு காலு இருக்கா? கரன்ட் வந்ததும் ஃபேன் ஓடுதுன்னு சொல்றியே." கொஞ்ச நேரம் பேச்சே வரல அவனுக்கு. நம்ம ஓடுங்கற வார்த்தையும் ரன் மாதிரியே ஊர் சுத்துற வார்த்தை தான். ஆறு ஓடுது, மோட்டர் ஓடுது, படம் நூறு நாள் ஓடுச்சு, கடை நல்லா ஓடுது, காலம் ஓடிப்போச்சு, இதுல எதுக்காவது காலு இருக்கா? ஒரு தடத்துல தடங்கல் இல்லாம போய்க்கிட்டே இருக்கு, அவ்ளோதான் விஷயம், ரன்னுக்கும் உள்ளுக்குள்ள இருக்குற அர்த்தம் அதே தான். அதனால ரன் வந்தா மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி "எவ்ளோ வேகமா?" இல்ல, "எது ஓடுது?"ங்கறது தான். தி கெடிலம் ரன்ஸ் த்ரூ கடலூர்னா மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாப்புலியூருக்கும் நடுவுல ஆறு ஓடுதுன்னு ஒரு செகண்ட்ல புரிஞ்சுடும், மொழிபெயர்க்கவே வேணாம்.

எல்லா மொழியிலயும் இந்த வசதி கெடையாது. பாண்டில அலியான்ஸ் பிரான்சேஸ்ல பிரெஞ்சு படிச்ச ஃப்ரெண்டு ஒருத்தி சொன்னா, அவங்க மொழியில மெஷின் ஓடாதாம், நடக்குமாம், மார்ஷ்னு தான் சொல்லணுமாம், ஆறுக்கும் ஒழுகுற மூக்குக்கும் சேத்து கூல்னு வேற ஒரு வார்த்தையாம். அந்த விஷயத்துல நமக்கு இங்கிலீஷ் தான் ஈஸி.

இது பாதி. மீதி பாதி தான் நம்ம காலை வாரி விடுற பாதி, அங்க ரன் வரும், ஆனா தமிழ்ல ஓடாது. மூக்கு ஒழுகும், ஓடாது. ஹி இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்னா அவனுக்குக் காய்ச்சல் அடிக்குது. ஈசிஆர் ரன்ஸ் அலாங் தி கோஸ்ட், நாம ரோடு கடலோரமா போகுதுன்னு சொல்லுவோம், ரோடு ஓடுதுன்னு யாரும் சொல்ல மாட்டோம். சுகர் அவங்க குடும்பத்துல பரம்பரையா வருதுங்கறதை டயபெட்டிஸ் ரன்ஸ் இன் தி ஃபேமிலின்னு சொல்லுவாங்க, இதை மொதல் தடவை கேட்டப்ப குடும்பமே ஓடுற மாதிரி தான் எனக்குத் தோணுச்சு. அப்புறம் சாயம். குறிஞ்சிப்பாடி கைலி வாங்கி மொத தடவை தனியா அலசாம வெள்ளைச் சட்டையோட சேத்து ஊற வெச்சுட்டு சட்டை பூரா நீலம் ஆனா, சாயம் போயிடுச்சுன்னு நாம தலையில கை வெப்போம், அவங்க தி கலர் ரேன்னு சொல்லுவாங்க. சாயம் தண்ணியோட சேந்து ஓடிடுச்சு, நெனைச்சுப் பாத்தா அவங்க சொல்றதும் சரியா தான் இருக்கு.

எலெக்‌ஷன் தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம். புதுச்சேரில 30 தொகுதி, எலெக்‌ஷன் வந்தா ஒவ்வொண்ணுலயும் ஆளுங்க "நிக்கிறாங்க". பிரிட்டிஷ் இங்கிலீஷ்லயும் ஸ்டேண்ட் ஃபார் எலெக்‌ஷன், நம்மள மாதிரியே நிக்கிறது தான். அமெரிக்காவுல மட்டும் ரன் ஃபார் பிரசிடென்ட், அங்க ஓடணும். நம்ம ஊரு இங்கிலீஷ் பேப்பர்ல ரெண்டும் இல்லாம பெரும்பாலும் கன்டெஸ்ட்னு போட்டுடுவாங்க. மூணும் ஒண்ணு தான், எந்த ஊர்க்காரங்க எழுதினதுன்னு பாத்துக்கிட்டா போதும்.

அடுத்தது ரன்னுக்குப் பின்னாடி உடனே ஒரு பொருள் வந்தா என்ன பண்றதுன்னு பாக்கலாம், ஏன்னா எங்க டியூஷன்ல அதிகமா தப்பு நடக்குறது இங்க தான். ரன் எ ஷாப், ரன் எ ஸ்கூல், ரன் எ மெஸ், இதெல்லாம் நடத்துறது. கவனிச்சீங்களா, அவங்க கடையை ஓட விடுறாங்க, நாம நடக்க வெக்கிறோம். சரி, இப்ப பஸ்ஸுக்கு வாங்க. டிரைவர் பஸ் ஓட்டுறாருன்னு சொல்ல பசங்க நேரா தி டிரைவர் இஸ் ரன்னிங் தி பஸ்னு எழுதிடுறாங்க. அது தப்பு, டிரைவர் ட்ரைவ் பண்றாரு. ரன் எ பஸ்னா அந்த ரூட்ல பஸ் விடுற முதலாளியோ கவர்மென்ட்டோ தான். கடலூர் பாண்டி ரூட்ல பஸ் விடுறவரு ரன் பண்றாரு, ஸ்டியரிங் பிடிச்சவரு ட்ரைவ் பண்றாரு, பஸ் தானா ரன்ஸ் எவ்ரி டென் மினிட்ஸ், அது வராம நாம நிக்கிறப்ப இட் இஸ் ரன்னிங் லேட். ஒரே பஸ்ல மூணு ரன் ஆச்சு. சைக்கிளும் பைக்கும் ரைடு பண்றது, அதுலயும் ரன்னைக் கொண்டாந்து வெக்காதீங்க. நம்மள ஒருத்தன் கலாய்ச்சா "ஏன்டா ஓட்டுற"ம்போமே, அந்த ஓட்டுறதுக்கும் ரன் கெடையாது, டீஸ் தான்.

ரன்னுக்கு அப்புறம் ஒட்டிக்கிட்டு வர்ற குட்டி வார்த்தைங்க தான் உண்மையான தலைவலி, நான் அடி வாங்கினதும் அங்க தான். பாண்டில ஒரு கம்பெனில சேந்து ரெண்டாவது வாரம், மேனேஜர் ஒரு கொட்டேஷனை அனுப்பி ப்ளீஸ் ரன் திஸ் பை அக்கவுன்ட்ஸ்னு மெயில் போட்டிருந்தாரு. ரன்னுன்னா ஓடு, பை அக்கவுன்ட்ஸ்னா அக்கவுன்ட்ஸ் பக்கமா, சரி அவசரம் போலன்னு பிரின்ட் எடுத்துட்டு மாடிப்படி ஏறி மூச்சு வாங்க ஓடி அங்க ஒரு டேபிள்ல வெச்சுட்டு வந்துட்டேன். சாயந்தரம் அவரு வந்து "என்ன சொன்னாங்க"ன்னாரு. யாரு என்ன சொல்லணும்னு நான் முழிக்கிறேன். ரன் பைன்னா ஒருத்தர்கிட்ட காட்டி அவங்க அபிப்பிராயம் கேட்டுட்டு வர்றதுன்னு அன்னிக்கு தான் தெரிஞ்சுது, அந்தப் பேப்பர் நான் வெச்ச எடத்துலயே மேல டீ கிளாஸ் வெச்சு கெடந்துச்சு.

ரன் அவுட் ஆஃப்ங்கறது தீந்து போறது, இது வீட்லயே தெனம் பழகலாம். நாம கேஸ் தீந்துபோச்சுன்னு கேஸை முன்னாடி வெப்போம், அவங்க ஆளை முன்னாடி வெச்சு வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் கேஸ்ங்கறாங்க. கேஸை முன்னாடி வெக்கணும்னா தி கேஸ் ஹேஸ் ரன் அவுட், அங்க ஆஃப் வராது, இந்த ஆஃப்ல தான் மார்க் போகும். கொஞ்சமா மிச்சம் இருந்தா ரன்னிங் லோ. ரன் இன்டுக்கு ரெண்டு அர்த்தம், பின்னாடி ஆள் வந்தா எதேச்சையா பாத்தேன், சுவர் வந்தா போய் மோதினேன், ஐ ரேன் இன்டு மை ஓல்ட் டீச்சர்னு படிச்சுட்டு டீச்சருக்கு அடி பட்டுச்சான்னு ஒரு பொண்ணு உண்மையாவே கேட்டுச்சு. ரன் ஓவர்ல உஷாரா இருங்க, வண்டி ஏத்திட்டாங்கற கெட்ட சேதியும் அது தான், மீட்டிங் நேரம் தாண்டிப் போயிடுச்சுங்கறதும் அது தான். செல்லுல சார்ஜ் எறங்கினா ரன் டவுன். மளிகைக் கடையில பாக்கி ஏத்தி வெச்சா ரன் அப். ஒருத்தரைப் பத்திப் பின்னாடி மட்டமா பேசுறதும் ரன் டவுன் தான், சார்ஜ் எறக்குற மாதிரி அவங்க பேரை எறக்குறதுன்னு வெச்சுக்கோங்க, மறக்காது.

பெயர்ச்சொல்லா வர்றதுல கிரிக்கெட்டை விட்டுடலாம், சில்வர் பீச்ல டென்னிஸ் பால் ஆடுற வாண்டுக்கு கூட ரன்னு தெரியும், பவுண்டரி அடிச்சா ஓடாமலே நாலு ரன்னுன்னும் தெரியும். பேங்க் ரன் மட்டும் ஒரு வரி, பேங்க் மூழ்கிடுமோன்னு பயந்து எல்லாரும் ஒரே நேரத்துல காசு எடுக்க ஓடுறது, இதுல நெஜமாவே கால் ஓட்டமும் உண்டு. இன் தி லாங் ரன்னா போகப் போக. ட்ரை ரன்னா ஒத்திகை. முக்கியமான ஆபத்து முன்னாடி தி போட்டு பின்னாடி எஸ் போட்ட தி ரன்ஸ். ஐ ஹேவ் தி ரன்ஸ்னா வயித்தால போகுதுன்னு அர்த்தம், ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு லீவு லெட்டர்ல ஐ ஹேவ் எ ரேஸ்னு எழுதுங்க, தி ரன்ஸ்னு எழுதிட்டு வெளையாடப் போகாதீங்க.

டென்ஸ் சின்ன விஷயம், வேகமா சொல்லிடுறேன். ரன், ரேன், மறுபடி ரன். ஹேவ் வந்தா மூணாவது தான், ஹேவ் ரேன் கெடையவே கெடையாது, ரன்ன்டுன்னு ஒண்ணு ஒலகத்துலயே இல்ல.

நம்ம ஊரு ரன்னிங்னு தனியா ஒரு குடும்பம் இருக்கு, அதையும் சொல்லிடணும். பழைய பைக் விக்கிறவரு "நல்ல ரன்னிங் கண்டிஷன்"ம்பாரு, டீச்சர் மடமடன்னு சொல்லச் சொல்ல எழுதுறது ரன்னிங் நோட்ஸ், டெய்லர்கிட்ட ரன்னிங் ஸ்டிச், துணிக்கடையில மீட்டர் கணக்குல வெட்டித் தர்றது ரன்னிங் மெட்டீரியல். இதெல்லாம் தாராளமா சொல்லலாம். ரன்னிங் ரேஸ் மட்டும் வெளியூர்க்காரங்களுக்கு கொஞ்சம் வேடிக்கையா கேக்கும், அவங்களுக்கு வெறும் ரேஸ் தான். ரன்னிங் நோஸ்னு எழுதாம ரன்னி நோஸ்னு எழுதுங்க, இல்லன்னா அந்த வொர்க்ஷீட் மாதிரி முழு வாக்கியமா மை நோஸ் இஸ் ரன்னிங்.

பழகுறதுக்கு நான் பண்றது, ஒரு நாப்பது பக்க நோட்டு, எடது பக்கம் ரன் வந்த முழு வாக்கியம், வலது பக்கம் அதே எடத்துல நம்ம வீட்ல என்ன சொல்லுவோமோ அந்த வார்த்தை, ஓடுது, ஒழுகுது, அடிக்குது, நிக்கிறாரு, தீந்துபோச்சுன்னு. தனியா ரன் ஈக்வல் டு ஓடுன்னு மட்டும் எழுதவே எழுதாதீங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு போதும், ஆனா கண்ணுல பாத்ததா இருக்கணும். லீவுல பாண்டிக்கு பஸ்ல போற பசங்களுக்கு இதையே ஹோம்வொர்க்கா குடுத்தேன், ஏறினதுல இருந்து கிருமாம்பாக்கம் வர்றதுக்குள்ள கண்ணுல படுறதை வெச்சு அஞ்சு ரன் எழுதிட்டு வரணும்.

மூக்குப் பையன் நாலு தான் எழுதியிருந்தான். பஸ் ரன்ஸ், ரோடு ரன்ஸ், அப்பா ஃபோன் ரன் டவுன், நாலாவது பெண்ணையாத்துப் பாலம், "ரிவர் இஸ் நாட் ரன்னிங் மிஸ், ஒன்லி சேண்ட்." அதுக்குப் பக்கத்துல, ஆறு வத்திப்போச்சுங்கறதுக்கு ஹேஸ் ரன் ட்ரைன்னு செவப்பு மையில எழுதி, இதையும் சேத்தா அஞ்சு ஆச்சுன்னு டிக் போட்டுக் குடுத்தேன்.